தூங்க வைக்கும் சேவல்

மைக் முன்னால் உட்கார்ந்ததும் தன் இரண்டு கன்னத்திலும் தானே பட்டென்று ஒரு தட்டு. பிறகு, எதிரே உள்ள வெற்றுச் சுவரைப் பார்த்து வாய் நிறைய ஒரு சிரிப்பு. அதற்கப்புறம்தான் பேச்சு. "சிரிச்சாத்தான் குரல்ல சிரிப்பு வரும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வணக்கம் சொன்னா, கேக்கறவன் நம்ம வீட்டுல ஏதோ துக்கம்னு நெனச்சுக்குவான்" என்பார். வணக்கம் முடிந்த கையோடு, "எழுந்தாச்சா?" என்று ஒரு கேள்வி. இருபது வருடமாக அந்தக் கேள்விக்கு ஊரே பதில் சொல்லியிருக்கிறது. போர்வைக்குள் இருந்தபடி வசவாகப் பதில் சொன்னவர்களும் உண்டு.

வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சி அவருடையது. தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சேவலம்மா. முதலில் கோபப்பட்டார். பிறகு, "காக்கான்னு வைக்காம விட்டாங்களே" என்று சமாதானமாகிவிட்டார்.

ஆள் குள்ளம், குரல் நெட்டை. பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்து, இன்னும் உயரமாக யாரையோ தேடுவார்கள். வீட்டிலும் தொழில் விடாது. கணவரோடு சண்டை உச்சத்தில் இருக்கும்போது அடுப்பில் பால் பொங்கினால், "ஒரு சின்ன இடைவேளை. எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்குப் போவார். அந்த மனிதரும் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பார். போனால் மறு ஒலிபரப்பு இன்னும் நீளமாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். யாரும் இப்போது வானொலிப் பெட்டியைத் திருகுவதில்லை, எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது, நாமும் போவோம் என்றார். நேரடி ஒலிபரப்பு நின்றது. நிலையத்துக்கென்று ஒரு செயலி வந்தது.

"இனிமே நீங்க பேசறதப் பதிவு பண்ணிப் போட்டுடுவோம் மேடம். அவங்கவங்களுக்கு எப்ப தோணுதோ அப்பக் கேட்டுக்குவாங்க."

"ராத்திரி கூடவா?"

"தாராளமா."

"அப்ப நான் எப்படித் தம்பி எழுந்தாச்சான்னு கேக்கறது?"

மேலாளரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு படமும் ஒரு கணக்கும் உண்டு. இதற்கும் ஒன்றை எடுத்துக் காட்டினார். சேவலம்மா தன் போக்கிலேயே போனார். பதிவு நடப்பது சாப்பாட்டுக்குப் பின், பிற்பகலில். அந்த நேரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஜன்னலத் தெறங்க, இளவெயில் உள்ள வரட்டும்" என்பார். ஒருநாள் அவர் அப்படிச் சொல்லும்போதே கூரைமேல் மழை சடசடவென்று கொட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தி, "அக்கா, மழை" என்றார். "இங்கதானே? கேக்கறவங்க பக்கம் வெயிலடிக்கும், நீங்க ஓட்டுங்க" என்று பதில் வந்தது.

எதைக் கேட்கிறார்கள், எதைப் பாதியில் விட்டு ஓடுகிறார்கள் என்று பார்த்து, ஓடுகிற நிகழ்ச்சிகளை மூடிவிடுவது என்று நிலையத்தில் முடிவெடுத்திருந்தார்கள். சமையல் குறிப்பு போயிற்று. நாட்டு நடப்பு போயிற்று. சேவலம்மா வெளியே, "போனாப் போகுது" என்று சொல்லிக்கொண்டாலும் அடுத்து மூடப்போவது எதை என்று தினமும் ஒலிப்பதிவாளரிடம் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார். பேசுவதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. பேசாமல் இருக்கவும் தெரியாது.

ஒருநாள் மேலாளர் மடிக்கணினியும் கையுமாக ஓடிவந்தார். "மேடம், மத்ததெல்லாம் பாதியில விட்டுடறாங்க. உங்களோடத மட்டும் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. அது முடிஞ்சதும் அடுத்தது, அப்புறம் அதுக்கு அடுத்தது. விடிய விடிய ஓடுது."

சேவலம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை. தேநீர் கொண்டுவருகிறவர் முதல் வாசல் காவலாளி வரை சொல்லிவிட்டு வந்தார். மேலாளர், "ஆனா..." என்று பின்னாலேயே நடந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கடைசியில் மாடிப்படியில் மடக்கி, கேட்டவர்கள் எழுதியிருந்ததை மேலாளர் படித்துக் காட்டினார். 'தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டேன், இந்த அம்மா போதும்.' 'இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டியதே இல்லை.' 'என்ன பேசுகிறார் என்று இதுவரை தெரியாது, அருமையான நிகழ்ச்சி.'

வீட்டுக்கு வந்து புலம்பினார். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "இதக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரா வேணும்? என்னக் கேட்டிருந்தா கல்யாணம் ஆன மறுவாரமே சொல்லியிருப்பேனே."

அதற்குத் தண்டனையாக இரண்டு நாள் வீட்டில் பேச்சு கிடையாது. அந்த இரண்டு நாளும் மனிதருக்குச் சரியான தூக்கமில்லை.

மேலாளருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. ஒரு மெத்தைக் கம்பெனி நிகழ்ச்சிக்கு விளம்பரப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது. அவர்களுடைய அதிகாரி ஒருமுறை நேரில் உட்கார்ந்து பதிவைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பிடித்தால் நிகழ்ச்சி நிலைக்கும். இல்லாவிட்டால், கேட்கிறவர்கள் தூங்கிவிடுகிற நிகழ்ச்சிக்கு வேறு விளம்பரம் கிடைக்காது, இந்த மாதத்தோடு மூடல்.

"ஊரையே எழுப்பினவ நான். என்னப் போய்த் தாலாட்டுப் பாடச் சொல்றீங்களா?" என்றார் சேவலம்மா. ஊர் விழிப்பதற்கு முன்னால் தான் விழித்து, ஒரு நாள் கூட விடிந்தபின் படுக்கையில் கிடக்காதவர் அவர். இப்போது அவரைக் கேட்டால் கொட்டாவி வருகிறது என்கிறார்கள். யாருக்குத்தான் வலிக்காது?

மேலாளர் போனபின் ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கி, "அக்கா, ஒருத்தங்க குரல்லயே அனுப்பியிருக்காங்க. கேட்டுப் பாருங்க" என்று தன் கைபேசியை நீட்டினார். அனுப்பியவர் ஒரு செவிலியர்.

"எனக்கு எப்பவும் நைட் டியூட்டிதாங்க. பகல்ல வந்து படுப்பேன். வீட்டுல நான் மட்டுந்தான். கதவு லேசா ஆடினாக்கூட தூக்கிவாரிப் போடும். நீங்க பேசிட்டிருந்தீங்கன்னா, வீட்டுல யாரோ ஒருத்தர் முழிச்சிருக்காங்க, அவங்க பார்த்துக்குவாங்கன்னு இருக்கும். அப்புறம் கண்ணு தானா மூடிக்கும்."

சேவலம்மா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பாவம், எழுந்தா அந்தப் பொண்ணுக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மெத்தை அதிகாரி வரும் நாள் வந்தது. சேவலம்மாவும் வந்தார். ஆனால் வீம்பு அவ்வளவு சுலபமாக விடுமா? அன்றைக்குக் கன்னத்தில் விழுந்த தட்டு வெளி அறை வரை கேட்டது. "எழுந்தாச்சா?" என்று அவர் போட்ட போட்டில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடிக்கு அப்பால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு கைபேசி. மாறி மாறி இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் வேறு. மெத்தை விற்கிறவர் மெத்தையில் படுத்துப் பல நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

சேவலம்மா பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த கதையை எடுத்தார். தொட்டியிலிருந்து அந்த வீட்டு மாமியாருக்குத் தாவி, மாமியாரிடமிருந்து தொலைந்த சாவிக்குப் போனார். சாவி கிடைப்பதற்குள் அதிகாரி ஒரு கைபேசியைக் கீழே வைத்தார். சற்றுப் பொறுத்து மற்றதையும் வைத்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். தாடை மெல்ல இறங்கி மார்பில் முட்டி நின்றது. வாய் திறந்துகொண்டது.

மேலாளருக்கு நிலைகொள்ளவில்லை. ஒப்பந்தத் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், எழுப்பிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அதிகாரியின் தோளை நோக்கிக் கையை நீட்டினார்.

கண்ணாடிக்கு உள்ளிருந்து அதைப் பார்த்துவிட்ட சேவலம்மா, பேச்சை நிறுத்தாமல், குரலை மட்டும் ஒரு படி இறக்கிக்கொண்டு, உதட்டின் மேல் விரலை வைத்தார்.