தெரிந்த முகங்களுக்குத் தூக்கிய கயிறு

வீதி வேலை நடக்கிற இடத்தில் பலகை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் தொழில். பலகையின் ஒரு பக்கம் சிவப்பு, 'நில்'. மறுபக்கம் பச்சை, 'போ'. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒருநாள் வெயிலில் வந்து நின்று பார்க்கட்டும். வான் ஓட்டி வருகிறவன் ஹோர்னை அமத்திப் பிடிப்பான். மோட்டார் சைக்கிள்காரன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு முன்சில்லை மெல்ல உள்ளே நுழைப்பான். காரில் வருகிறவர் கண்ணாடியை இறக்கித் தான் இன்னார் என்று சொல்லுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இந்த வேலைக்கு வாய்ப்பாய்ப் போயிற்று என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலையை எனக்குத் தேடித்தந்தவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா. சொந்தம் என்று ஒன்றுமில்லை, ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலென்றால் முதலில் அவர் வீட்டுப் படலையைத்தான் தட்டுவேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் அவருக்கு வேலை. தனி ஆள். என் கணவர் கடலுக்குப் போகிறவர். மாரியில் கடல் மறித்துவிட்டால் வாரக்கணக்காக வீட்டில்தான் இருப்பார். அப்படியொரு மாரியில் அக்கா வந்து சொன்னார்: "பாலத்தடியில பலகை பிடிக்கப் பொம்பிளையளையும் எடுக்கினமாம். உனக்கு நல்ல வாய் இருக்கு. போய்க் கேள்."

போய்க் கேட்டேன். எடுத்தார்கள். நகரில் ஒரு மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி. வாகனத்துக்கு முதுகைக் காட்டக்கூடாது, சாரதியின் கண்ணைப் பார்த்த பிறகுதான் பலகையைத் திருப்ப வேண்டும், கயிறு கட்டிய இடத்துக்குள் வேலையாட்களைத் தவிர ஒருவரும் போகக்கூடாது. படிப்பிக்க வந்த உத்தியோகத்தர் கடைசியாகச் சொன்னார்: "உங்கட அம்மா வந்து நிண்டாலும் மறிக்க வேணும்." பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "மாமி வந்தாலோ சேர்?" என்று கேட்க எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

எங்கள் பாலம் பெரிய பாலமொன்றுமில்லை. களப்பிலிருந்து கடலுக்குப் போகும் ஒரு வாய்க்காலுக்கு மேலே போட்டது. கரையோர வீதி அதன் மேலால்தான் போகிறது. ஒரு பாதியை உடைத்துக் கட்டிக்கொண்டு மறுபாதியால் வாகனங்களை விட்டார்கள். நிலாவெளி பஸ், உல்லாசப் பயணிகளின் வான், புல்மோட்டைப் பக்கமிருந்து வரும் லொறி எல்லாம் அந்த ஒடுங்கல் பாதியால் மாறி மாறிப் போகவேண்டும். நான் இந்தக் கரையில், இன்னொருவர் அந்தக் கரையில். ரெலிபோன் வேலை செய்யாத நேரங்களில், கடைசியாகப் போகும் வாகனத்திடம் சிவப்புத் துணி சுற்றிய ஒரு தடியைக் கொடுத்துவிடுவேன். அந்தத் தடி கைக்கு வந்தால்தான் அந்தக் கரைக்காரர் தன் பக்கத்தைத் திறப்பார்.

சைக்கிளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அந்தப் பாதியில் இடமில்லை. அவர்கள் கீழே இறங்கி, களப்பு ஓரமாக ஒரு சேற்று ஒழுங்கையால் சுற்றிப்போக வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும். ஆனால் உடைத்த பாதியின் ஓரத்தில், வேலையாட்கள் நடப்பதற்காக மூன்று நீளப் பலகைகள் ஒன்றையடுத்து ஒன்றாகப் போட்டிருந்தன. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு நிமிடம். அதற்கு முன்னால்தான் என் கயிறு.

தெரியாதவர்களை நான் மறித்தேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கும்பிட்டுக் கேட்டான், விடவில்லை. ஒரு பெரிய மனிதர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார், அப்போதும் விடவில்லை. ஊரில் என்னைப் பொலிஸ் அம்மா என்று பகிடி பண்ணினார்கள். பொய் ஏன் சொல்ல வேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. செம்மஞ்சள் மேலங்கியும் தலையில் ஹெல்மெற்றும் போட்டுக்கொண்டு நான் கை காட்டினால் ஒரு பஸ் நிற்கிறது என்பது சின்ன விசயமா?

தெரிந்தவர்கள் விசயம் வேறு. கோயில் ஐயர் பூசைக்குப் பிந்திவிட்டது என்பார். மகளின் ரீச்சர் வந்து சிரித்துக்கொண்டு நிற்பார். எங்கள் மீன்காரர் பெட்டியில் ஐஸ் கரைகிறது என்பார். முகம் பார்த்துப் பழகிய ஊரில் அந்த முகத்துக்கு முன்னால் கையை நீட்டி மறிப்பது எப்படி? கயிற்றைக் கொஞ்சம் தூக்குவேன். "கெதியாப் போங்கோ, சேர் கண்டால் என்னைத்தான் ஏசுவார்" என்பேன். சேர் என்பது எங்கள் மேற்பார்வையாளர். அவர் ஒன்பது மணிக்கு முன்னர் வருவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

அக்கா நாள் தவறாமல் ஏழு மணிக்கு வருவார். ஹோட்டலில் ஐந்து நிமிடம் பிந்தினாலும் பேச்சு விழும். "விடு பிள்ளை, நேரம் போச்சுது" என்பார். சில நாட்களில் அதைக்கூடச் சொல்லமாட்டார். நான் தூரத்தில் கண்டதுமே கயிற்றைத் தூக்கிவிடுவேன். போகிற போக்கில் என் கையில் இரண்டு அவித்த கிழங்கோ ஒரு ரொட்டியோ வைத்துவிட்டுப் போவார். அவர் போவதற்கு முன்னர் அந்தப் பலகைகளில் நானே ஒருதரம் நடந்து பார்த்துவிடுவேன். அது போதும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள், முதல்நாள் பின்னேரம் தொடங்கிய மழை விடியவும் விடவில்லை. காலையில் வாகன வரிசை நீண்டுவிட்டது. ஒரு வான்காரனோடு எனக்கு வாய்த்தர்க்கம். அதனால் பலகைகளில் நடந்து பார்க்கவில்லை. முதல்நாள் வேலை முடிகிறபோது, கொங்கிரீற்றுக்கு முட்டுக் கொடுப்பதற்காக நடுப்பலகையைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். உடைத்த பாதியின் குழி நிறைய மண்ணிற வெள்ளம், மற்ற இரண்டு பலகைகளும் கூட அதற்குள் ஒரு விரலளவு தாழ்ந்திருந்தன. எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால் தெரியாது. அக்கா குடையோடு வந்தார். நான் வான்காரனோடு கதைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு கையால் கயிற்றைத் தூக்கினேன்.

சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. குடை மட்டும் தண்ணீரில் மிதந்து வந்தது. அடியில் கட்டியிருந்த கம்பிகள் நிமிர்ந்து நின்றன. வான்காரன்தான் முதலில் குதித்தான், நான் ஏசிக்கொண்டிருந்த அதே ஆள். அக்காவைத் தூக்கி அவனுடைய வானிலேயே ஏற்றினோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிழிந்து எலும்பு முறிந்திருந்தது. அவர் அழவில்லை. "ஹோட்டலுக்கு ஒருக்கால் சொல்லிவிடு பிள்ளை, வரப் பிந்தும் எண்டு" என்றார்.

அன்றைக்குச் சேர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீர் விட்டனீரோ?"

"ஓம் சேர்."

"இல்லை. நீர் விடேல்லை. அவ தானாக் கயிறைத் தூக்கிக்கொண்டு போனவ. அப்பிடித்தான் எழுத வேணும். இல்லாட்டி உமக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை."

எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன். இதை எப்படிச் சொன்னாலும் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. பிள்ளைகள் இரண்டு, கடல் மறித்த காலம், கணவர் வீட்டில் என்று நூறு காரணம் அன்றைக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் தோடம்பழம் வாங்கினேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன், எழுதியதை மாற்றப்போகிறேன் என்று பஸ்ஸில் இருந்தபடி சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். வார்ட்டுக்குள் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரையில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கண்டார். கண்டுவிட்டு அவரிடம் சொன்னார்:

"நானாத்தான் கயிறைத் தூக்கிக்கொண்டு போனனான். இந்தப் பிள்ளை வேண்டாமெண்டு மறிச்சது. நான்தான் கேக்கேல்லை."

பொலிஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியோ?" என்றார்.

நான் தலையாட்டினேன். பழப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீளமான வாய் உள்ள நான், ஒரு சொல் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

அவருடைய சொந்தக் கவனயீனம் என்று இரண்டு இடத்திலும் எழுதியாகிவிட்டது. ஆகவே வேலை செய்வித்தவர்களுக்குப் பொறுப்பில்லை. நாள் முழுக்க நின்று துணி அலச ஏலாத ஆளை ஹோட்டலும் கூப்பிடவில்லை. கிளினிக்குக்குப் போய்வரக் கிட்டவென்று அக்கா அன்புவழிபுரத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அவருடைய வீட்டுப் படலையில் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நான் போகவேண்டும்.

பாலம் கட்டி முடிந்தது. அந்த வேலை நடந்த காலம் முழுவதிலும் அங்கே தெரியாத ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அவர்களை நான் மறித்தேன். விழுந்தது, நான் மறிக்க மனமில்லாத ஓர் ஆள்தான்.

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் விடுவதில்லை. ஐயரையும் இல்லை, ரீச்சரையும் இல்லை. ஒருநாள் மறித்ததற்காகப் பெரியம்மாவின் மகன் இரண்டு வருடமாக என்னோடு கதைப்பதில்லை. வேலைக்கு வந்ததும் தலை மாறிப்போச்சு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம், சொல்லட்டும்.

போன மாரி முடிந்த கையோடு அன்புவழிபுரத்தில் தண்ணீர்க்குழாய் போடுகிற வேலை வந்தது. வீதியின் ஒரு பாதியை நீளத்துக்கு வெட்டியிருந்தார்கள். மறுபாதியால் வாகனங்கள் மாறி மாறிப் போயின. வெட்டிய பாதி முழுக்கக் கயிறு. மூன்றாம் நாள் காலை, வரிசையில் நின்ற ஒரு ஓட்டோவுக்குப் பின்னால் அக்கா நின்றார். கையில் ஊன்றுதடி. மருந்துப்பை தோளில். அவருடைய தங்கச்சி வீட்டுப் படலை கயிற்றுக்கு அந்தப் பக்கம், இருபது அடி தூரத்தில் தெரிந்தது. வெட்டிய குழிக்கு மேலே வேலையாட்கள் நடக்க ஒரு பலகையும் போட்டிருந்தார்கள். சுற்றிப்போவதென்றால் பின் ஒழுங்கையால் போய், கடையடியில் திரும்பி வரவேண்டும்.

அவர் கிட்ட வந்தார். முகம் மெலிந்திருந்தது. என் கை கயிற்றில்தான் இருந்தது.

"எப்பிடி அக்கா?"

"இருக்கிறன் பிள்ளை." கயிற்றைப் பார்த்தார், குழிக்கு மேலே கிடந்த பலகையைப் பார்த்தார். விடச் சொல்லிக் கேட்கவில்லை. "சுத்தித்தான் போக வேணுமோ?"

அந்தப் பலகையில் அன்று காலை நான் நாலு தரம் நடந்து பார்த்திருந்தேன். அது உறுதியாகத்தான் இருந்தது.

"ஓம் அக்கா. சுத்தித்தான் போக வேணும்."

அவர் மருந்துப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டார். கோபமாகத் தெரியவில்லை. "அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார். பிறகு தடியை ஊன்றித் திரும்பி, பின் ஒழுங்கைப் பக்கம் நடந்தார்.

என் முறைக்கு வாகனங்களை விடச்சொல்லி வீதியின் மறுமுனையிலிருந்து கை காட்டினார்கள். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அடித்தார்கள். அக்கா கடையடியால் சுற்றி வந்து, படலையைத் திறந்து உள்ளே போகும்வரைக்கும் நான் பலகையின் சிவப்புப் பக்கத்தைத் திருப்பவில்லை.