கோழிக்கடைக்காரன் மாட்டுக்கறிக்கு வந்த கதை

கறி விற்பது சுலபம்; கேட்கிற கறி மாட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கவுண்டருக்குப் பின்னால் நின்று திருதிருவென்று விழித்தவர்களுக்கு இது புரியும்.

நான் நான்கு வருடம் பிராய்லர் கடையில் இருந்தவன். அங்கே கேள்வி ஒன்றுதான்: தோலோடவா, தோல் இல்லாமலா? 2004-இல் தாம்பரம் மார்க்கெட் பக்கம், பீஃபும் போர்க்கும் விற்கிற ஒரு கடையில் சேர்ந்தேன். முதலாளி அதற்கு முன் செருப்புக் கடை வைத்திருந்தவர். "கிறிஸ்துமஸுக்குள்ள எல்லா பீஸும் கத்துக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் மூன்று மாதக் குழந்தை. உண்மையிலேயே பயந்துபோனேன்.

தொடை எங்கே?

முதல் நாளே ஒருவர் தொடைக்கறி கேட்டார். பாதி மாடு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் என்றால் கீழேதானே இருக்கும்? கீழேயிருந்து அறுத்துக் கொண்டுவந்து, பெருமையாக வைத்தேன். கேட்டவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லோடு இறக்க வந்த டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யோவ், மாடு தலகீழா தொங்கிகினு கீது. நீ கீழ அறுத்தா கழுத்துதான்யா வரும்!"

அண்டர்கட்

சட்டைக்காரப் பெண்மணி, அதாவது ஆங்கிலோ இந்தியர், ஒருவர் அண்டர்கட் ஒரு கிலோ கேட்டார். முதுகெலும்புக்கு அடியில் நீளமாக இருப்பது என்று இதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். சரியாக எடுத்துவிட்டேன். சந்தோஷத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, இரண்டு எலும்பும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என்னா மேன், முழுசா ரோஸ்ட் பண்ண கேட்டேன், நீ குழம்புக்கு வெட்டிட்டே!"

கொழுப்பு

பொத்தேரி காலேஜில் படிக்கிற மணிப்பூர்ப் பையன்கள் மூன்று பேர் போர்க் வாங்க வந்தார்கள். வயிற்றுப் பக்கம் வேண்டுமென்று கை காட்டினார்கள். ஊர் விட்டு ஊர் வந்து படிக்கிற பிள்ளைகள், நல்லதாகக் கொடுப்போம் என்று தோலை உரித்து, கொழுப்பையெல்லாம் வழித்துக் கூடையில் போட்டேன். மிச்சம் கையளவுதான். மூவரும் என்னைப் பார்க்கவில்லை, கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நீங்க தூக்கிப் போட்டது, அதுதான் வேணும்."

படத்தில் இல்லாதது

என் லட்சணத்தைப் பார்த்து முதலாளி ஒரு பெரிய படம் வாங்கி மாட்டினார். கோடு போட்டுப் பிரித்த வெளிநாட்டு மாடு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர். ராவெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி பரீட்சை வைத்தார். தப்பில்லாமல் ஒப்பித்தேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது, எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து ரிட்டயர்டு ரயில்வே கார்டு ஒருவர் வந்து, உப்புக்கறி போட ஹம்ப் வேண்டும் என்றார். நான் படத்தைப் பார்த்தேன். இல்லை. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாலிலிருந்து தலை வரைக்கும் விரலை ஓட்டினார். "அப்படி ஒரு பீஸே கிடையாது சார்" என்றார். வேலை போய்விடக் கூடாதே என்று நானும், "மாட்டுல அது வராதுங்க" என்று தலையாட்டினேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலில் பெரிய திமிலோடு காளை ஒன்று நின்ற பக்கம் கை நீட்டினார்.

"அது முதுகுல வச்சிருக்கறது என்னா மேன், ஸ்கூல் பேக்கா?"

அதற்குப் பிறகு முதலாளி வேறு ஆள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. முழிக்கிறவர்கள் இரண்டு பேர் என்று ஆகிவிட்டால் ஒருவனை மட்டும் எப்படி வீட்டுக்கு அனுப்புவது?