இரண்டாவது தட்டின் அழுகை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியபோது விற்றுப்போன இசைத்தட்டுகளில், ஒரே சிம்பொனியை இரண்டு இசைக்குழுக்கள் வாசித்தவை எங்களிடம் சேர்ந்தன. ஞாயிறு மத்தியானங்களில் நானும் கணவரும் இரண்டின் கடைசித் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்போம். முதல் குழு விறுவிறுவென்று முடித்துவிடும். இரண்டாவதில் வயலின்கள் போகப்போகத் தளர்ந்து, கீழிறங்கி விம்மும்.

"இவங்களுக்குத்தான் அழத் தெரியுது" என்பார். நான் விடாமல் மறுப்பேன். வாரம் முழுக்க எங்களுக்குள் இருந்த பேச்சே அதுதான்.

உள்ளேயிருக்கும் சுருள்வில் அறுந்துவிடும் என்று பயந்து, இரண்டு தட்டுக்கும் சேர்த்து ஒரே தடவைதான் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். ஒருநாள் எரிச்சலில் இரண்டு தட்டுக்கும் நடுவில் நானே சாவியை முறுக்கிவிட்டேன். இரண்டாவது குழுவும் விறுவிறுவென்று வாசித்தது. இத்தனை நாள் அழுதது முறுக்குத் தளர்ந்த கிராமபோன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று மூடியைச் சாத்தினார்.

அதன்பிறகு எங்களுக்குள் சண்டைகூட வரவில்லை.