மூன்று தட்டிலும் ஒரே சோறு

என் கணவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. மசித்த உணவுதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, நானும் மகளும் தோசையோ சப்பாத்தியோ சாப்பிடுவோம்.

ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அப்பாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சி!" என்று மகள் அலறினாள். ஓடினேன். எங்களுக்காக மூடி வைத்திருந்த சப்பாத்தியில் ஒரு துண்டை இடது கையால் எட்டிப் பிய்த்து வாயில் போட்டிருக்கிறார். அது தொண்டையில் அடைத்து, மூச்சுவிட முடியாமல் முகம் கறுத்திருந்தது. முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். நல்லவேளை, துண்டு வெளியே வந்து விழுந்தது.

"ஏன்யா இப்பிடிப் பண்ண?" என்று அழுதேன்.

"நீங்க துன்றதப் பாத்துக்கினே எவ்ளோ நாளைக்குமே கஞ்சி குடிக்கறது?" என்று குழறினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவுக்கு ஒரே சமையல்தான். பருப்பும் பூசணிக்காயும் போட்டுக் குழைத்த சோறு, நெய் விட்ட ரவைக் கஞ்சி, கீரை கடைந்து மசித்த சாதம் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்கிறேன். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறோம். மகளுக்குத் தோசை காலையில்தான்.

அவர் கை இன்னும் தேறவில்லை. முன்பெல்லாம் என் சமையலில் தினமும் ஒரு குறை சொல்வார். படுத்த பிறகு அதுவும் நின்றுபோனது. போன வாரம் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "உப்பு பத்தலமே" என்றார். உப்பெடுக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்று அழுதேன்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி