நிரந்தர விலாசம்

என் வீட்டுக்காரர் இலங்கை கிரிக்கெட் அணியில் ஆடத் தேர்வாகியிருக்கிறார் என்ற செய்தியைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர்தான் பத்திரிகையும் கையுமாக வந்து சொன்னார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இதப் பாருங்க. ஆல்ரவுண்டர்னு போட்டிருக்கான். நம்ம ஆளுங்க!"

எனக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. அதிர்ச்சிதான் முதலில் வந்தது. மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர் அவர். தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று கை பச்சையேறிப் போன மனிதர். அவர் பெயரைக் கொழும்பில் மடிப்புக் கலையாத காற்சட்டையோடு ஆடுகிறவர்களின் பெயர்களுக்கு நடுவில் அச்சடித்திருந்தார்கள். எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று இரண்டு தரம் வாசித்தேன். பிழையில்லை.

அவர் ஆட்டம் தொடங்கியதே ஒரு தற்செயல்தான். தொரைமாரின் கிளப் மைதானத்தில் ஒரு நாள் ஆள் குறைந்தது. சும்மா நிற்கட்டும் என்று இவரை இறக்கினார்கள். இவர் சும்மா நிற்கவில்லை. பந்து போட்டு மூன்று தொரைமாரை அனுப்பிவிட்டு, பிறகு மட்டையைப் பிடித்து ஆட்டத்தையும் முடித்துக் கொடுத்தார். அப்புறம் மலைநாட்டு அணி. அப்புறம், கப்பலில் ஆஸ்திரேலியா போகிற வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடும் இங்கிலாந்துக்காரர்களுக்கு எதிராக ஓர் ஆட்டம். அதில் அவர்களுடைய பெரிய மட்டையாளர் ஒருவரின் நடு ஸ்டம்பை இவர் பிடுங்கி எறிந்தது கொழும்பெல்லாம் பேச்சானது. கொழும்புக்காரர்கள் அன்றைக்குத்தான் டயகம எங்கே இருக்கிறது என்று விசாரித்திருப்பார்கள்.

தேர்வான அணி மூன்று வாரத்தில் மதராசுக்குப் போய் ஆடவேண்டும். பாஸ்போட்டோடு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கேதான் இடித்தது. நாற்பத்தெட்டில் வந்த சட்டம் எங்கள் சனத்தை ஒரே அடியில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கி வைத்திருந்தது. பிறகு வந்த இன்னொரு சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்டு நாங்கள் போட்ட மனு எந்த அலமாரியில் கிடந்ததோ தெரியாது.

"பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு இலங்கைப் பாஸ்போட்டு யாரு குடுப்பா?" என்றார் பெரிய கிளாக்கர். "கண்டியில இந்தியத் தூதர் ஆபீசுக்குப் போயி இந்தியப் பாஸ்போட்டு எடுங்க. நம்மாளுங்க ஊருக்குப் போயிட்டு வர்றது அப்படித்தானே? ஆனா கிரிக்கெட்டுன்னு மட்டும் எழுதிறாதீங்க டீச்சர். இலங்கைக்கு ஆடுறவனுக்கு நாங்க ஏன் பாஸ்போட்டு குடுக்கணும்னு கேட்பான். சொந்தக்காரங்களப் பாக்கன்னு போடுங்க. வெரசா கிடைக்கும்."

எழுதியது நான். ஹட்டனில் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் பாதி லயத்துக்கு நான்தான் படிவம் நிரப்புவேன். போகும் காரணம்: உறவினரைப் பார்க்க. அடுத்தது நிரந்தர விலாசம். அந்தக் கட்டத்தில் எங்கள் சனம் ஒருவரும் லயத்தை எழுதியதில்லை. லயம் தொரையுடையது. வேலை போனால் காம்பராவும் போகும். அதை எப்படி நிரந்தரம் என்று எழுதுவது? இந்தியாவில் தாத்தா புறப்பட்டு வந்த கிராமத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நானும் எழுதுவேன். அன்றைக்கும் கை பழக்கத்தில் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரை எழுதினேன். அந்தக் கிராமத்தை அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை.

"என்ன எழுதியிருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"நீ எழுதினா சரியாத்தான் புள்ள இருக்கும்," என்று சொல்லித் தமிழில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

பாஸ்போட்டு வந்தது, திரும்பி வர அனுமதிச் சீட்டும் வந்தது. மதராசில் விக்கெட்டும் எடுத்தார், அரைச் சதமும் போட்டார். மார்பில் நாட்டுச் சின்னம் தைத்த கோட்டோடு திரும்பி வந்தார். மறுநாள் காலையில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா சிரிப்பை அடக்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம், இங்கே வந்த அணிகளுக்கு எதிராக எல்லாம் ஆடினார். ஆட்டக் காசைவிட ஆட்டத்துக்குப் போகும் ரயில் பயணம்தான் அவருக்குப் பிடிக்கும்.

அப்புறம்தான் எங்கள் மனுவை விசாரிக்க நுவரெலியாவுக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. நான் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு ஆடியவருக்குத் தராமல் வேறு யாருக்குத் தரப்போகிறார்கள் என்ற திமிர் எனக்கு இருந்தது உண்மை.

விசாரித்த அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். இவரைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். அவர் இங்கிலீஷில் பேச, பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"ஐயா உம்மட ஆட்டம் பார்த்தவராம். அந்த இங்கிலாந்துக்காரன்ரை ஸ்டம்ப் பறந்ததை இன்னும் மறக்கேல்லை எண்டுறார்."

எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. அதிகாரி ஃபைலைத் திறந்தார். உள்ளே பாஸ்போட்டுக்கு நான் நிரப்பிய படிவத்தின் பிரதி இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் என் எழுத்து எனக்குத் தெரிந்தது.

"இது உம்மட கையெழுத்தோ?"

"ஆமாங்க."

"நிரந்தர விலாசம் எண்டு இந்தியாவிலை ஒரு கிராமம் கிடக்கு. சொந்தக்காரரைப் பார்க்கப் போறன் எண்டும் கிடக்கு. இந்தியாதான் உம்மட நாடு எண்டு நீரே எழுதிக் குடுத்திருக்கிறீர்."

"நான் இலங்கைக்கு வெளையாடத்தாங்க போனேன். இந்தியாக்காரங்கள எதிர்த்து வெளையாடினேன்."

"ஐயாவுக்கும் அது தெரியுமாம். ஆனா இந்தப் படிவத்திலை வேறை மாதிரியெல்லோ கிடக்கு எண்டுறார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"எழுத்து இங்கிலீஷிலை, கையெழுத்து தமிழிலை. உமக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆரோ உமக்குத் தெரியாமல் எழுதிப்போட்டினம் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லும், ஐயா அதைப் பதிஞ்சு உமக்கு உதவி செய்யப் பார்ப்பாராம். எழுதின ஆளின்ரை பேர் வேணும். பொய் எழுதினதுக்கு அந்த ஆள் மேலை வழக்கு வரும், அது வேறை."

எழுதிய ஆளான நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் புதுச்சேலையோடு உட்கார்ந்திருந்தேன். வழக்கென்றால் என் டீச்சர் வேலை போகும். வேலை மட்டுமா? எனக்கு வாயாடி என்று தோட்டத்தில் பெயர். பெரட்டில் ஒரு தரம் கங்காணியை நாலு பேர் முன்னால் வைத்துக் கேள்வி கேட்டவள். 'நான்தாங்க எழுதினேன்' என்பது இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லும் என் வாயில் வரவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாரும் தெரியாம எழுதலைங்க," என்றார். "நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினாங்க. அந்த ஊருதாங்க எனக்கு நிரந்தர ஊரு."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். "யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்றார். அது அதிகாரி கேட்டதல்ல, அவராகக் கேட்டது. இவர் தலையை ஆட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, அதுவும் அவர் மேல். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "பசிக்குது புள்ள. எறங்கினதும் கடையில ரொட்டி சாப்பிடுவோமா?" என்றார். சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை, அவர் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. இந்தியாதான் நாடு என்று பதிவான ஆளை இனி இலங்கை அணியில் எப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்? அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அழைப்பு வந்தபோது, முழங்காலில் அடி, இனி ஆட முடியாது என்று பதில் எழுதச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன். அவருக்கு அப்போது முப்பத்தோரு வயது.

பிறகு நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடம் அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. ஸ்டோர் வேலையை விட்டோம், காம்பராவையும் விட்டோம், டவுனில் ஓர் அறைக்கு வந்தோம். தேங்காய் நாரில் பின்னிய, மழையில் நனைந்து ஊறின தும்புப் பாயை ஆடுகளமாக விரித்துத்தான் பயிற்சி. பந்து எகிறுமா வழுக்குமா என்று யாருக்கும் தெரியாத பாய் அது. "இதுல ஆடினவன் எங்க போனாலும் ஆடுவான்," என்பார். ஆடினார்கள். அறுபத்து நான்கில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்கள் சனத்தைச் சந்தையில் ஆடு பிரிக்கிற மாதிரிப் பங்கு பிரித்தன. எங்களை எப்போது இந்தியாவுக்குக் கப்பலேறச் சொல்வார்களோ என்று நான் தபால்காரரைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்தபோது, அவரிடம் படித்த ஒருவன் இலங்கை அணிக்குத் தேர்வானான்.

அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் அறைக்கு வந்தார். பெயர், பயிற்சி எல்லாம் கேட்டுவிட்டு, "நல்லா ஆடிட்டு இருக்கும்போதே ஏன் விட்டீங்க?" என்றார். நான் டீயோடு கதவடியில் நின்றேன்.

"முழங்காலுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "ரொம்ப மோசம். ஓட முடியாமப் போச்சு."

ஒரு சிறு தடுமாற்றமாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்திரிகையில் முழங்கால் கதை பெரிதாகவே வந்தது. வாசித்துவிட்டு பஸாரில் ஒரு கடைக்காரர் மூட்டுவலி எண்ணெய் ஒரு போத்தல் அனுப்பியிருந்தார். இவர் அதை வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். "குடுத்துட்டாங்க, வீணாக்க வேணாம். தேச்சு விடு புள்ள," என்று சாரத்தை மேலே ஒதுக்கிக் காலை நீட்டினார். நான் கீழே உட்கார்ந்தேன். கட்டை மாதிரி உறுதியான, ஒரு தழும்புகூட இல்லாத முழங்கால். எண்ணெயை ஊற்றித் தேய்க்கத் தேய்க்க, இப்போதாவது சொல்லு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"வலிக்குதாங்க?" என்றுதான் கேட்டேன்.