மல்லிகா அக்கா வீட்டில் ஒரு ராக் பாட்டு

கிர்ர்ர்... கிர்ர்ர்... சிடியைப் போட்டதும் மல்லிகா அக்கா வீட்டு பிளேயர் இப்படித்தான் சுற்றும். பக்கவாட்டில் ஓர் அடி விழுந்தால்தான் படம் வரும்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் பிளேயர் இருந்த ஒரே வீடு, பக்கத்துக் காம்பரா மல்லிகா அக்காவுடையது.

நான் வார இறுதிகளில் பண்டாரவளைக்குப் போய் ஊடகக் கற்கை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். தேறினால் வானொலியில் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போகாமல் தப்பிக்க, எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி ஒப்படைக்கு, பாடம் நடத்தும் சேர் கொடுத்தது ஓர் ஆங்கிலப் பாட்டின் வீடியோ. வெறும் ராக் இல்லையாம், ஆல்டர்நேட்டிவ் ராக். "எதுக்கு சேர் ஆல்டர்நேட்டிவ்?" என்று கேட்டேன்.

"அதத்தானே நீங்க கண்டுபிடிக்கணும்" என்றார்.

எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஒப்படையில் எனக்கு ஜோடி குமுதினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள் அப்பா பதுளையில் அரசாங்க கிளார்க். ரயிலில் வந்திறங்கி, மழையில் நனைந்துகொண்டே எங்கள் லயத்துக்கு வருவாள்.

வீடியோவில் இவ்வளவுதான்... ஓர் அறை. நாற்காலியில் ஒரு பெண். தரையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. கூரைமேல் நின்று நாலு பேர் கிட்டார் அடித்துக் கத்துகிறார்கள். ஒருவனும் கீழே பார்க்கவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தும் அவள் எழவில்லை. முடிந்தது.

"பாட்டு எப்ப புள்ள ஆரம்பிக்கும்?" மல்லிகா அக்கா கேட்டார்.

"இதுதாங்க்கா பாட்டு."

"அப்ப ஏன் அவன் அழுவுறான்?"

அவருக்கு அவருடைய நாடகம் தொடங்கும் நேரம். நாங்களோ ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். நிறுத்தினால் படம் கட்டம் கட்டமாக உடையும். மறுபடி முதலிலிருந்து...

"எந்திரிச்சு கதவத் தொறக்க வேண்டியதுதானே இவ!" என்று நான் கத்தினேன். "பைத்தியம்னு எழுது குமுதினி."

"சும்மா இரடியப்பா. அவள் ஏன் எழும்பேல்லை எண்டதுதானே கேள்வி" என்றவள், 'விரக்தி' என்று எழுதினாள். எல்லாக் காட்சிக்கும் விரக்தி. எனக்குத்தான் விரக்தி!

அந்த வாரம் அடைமழை. லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி தோட்ட ஆபீசிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார். லயமே மூட்டை கட்டியது. அம்மா மட்டும் அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிம்மா! மண்ணு வந்துச்சுன்னா என்னா செய்வ?"

"நீ போ."

"வெளயாடுறியா?"

"போன மழைக்கும் போனோம். அதுக்கு முந்துன மழைக்கும் போனோம். திரும்பி எங்க வந்தோம்? இந்தக் காம்பராவுக்குத்தானே... எத்தன தடவ புள்ள ஓடுறது? அலுத்துப் போச்சு."

கத்தினேன். அழுதேன். கடைசியில் நானும் மல்லிகா அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கித்தான் கூட்டிப் போனோம். பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரையில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மண் சரியவில்லை. மழை விட்டதும் வழக்கம்போல் திரும்பினோம்.

அன்று பின்னேரமே மறுபடி சிடியைப் போட்டேன். "திரும்பவும் அவளா!" என்று மல்லிகா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

படத்தை நிறுத்தினேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த சுவரில் பழுப்புக் கோடுகள்... ஒன்றுக்கு மேல் ஒன்றாக. 'அழுக்குச் சுவர்' என்று எழுதியிருந்தோம். அழுக்கில்லை. முன்பெல்லாம் தண்ணீர் வந்து நின்று வடிந்த தடங்கள்.

வகுப்பில் சொன்னதும் குமுதினி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... அவளுக்கு இது முதல் தரமில்லை." பிறகு, "நாங்களும் சண்டைக்குள்ள எத்தினை தரம் வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள்..." என்றாள்.

'விரக்தி'யை எல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினோம்.

"அவ களைச்சுப் போனான்னு ஃப்ரேமுக்குள்ள எங்க இருக்கு? காட்டுங்க" என்றார் சேர்.

காட்டினோம். எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"நான் இதைக் கவனிக்கல்ல" என்றவர், இருக்கையில் போய் அமர்ந்து, "அது சரி... கிட்டாரைப் பத்தி ஒரு வரிகூட எழுதல்லையே?" என்று புள்ளியைக் குறைத்தார்!

எப்படியோ தேறினேன். வானொலிக்கும் போனேன்.

இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். அன்று ஆபீஸ் ஆள் நனைந்துகொண்டு ஓடி வந்து சொன்ன செய்தி, இன்று மழைக்கு முன்னாலேயே கைப்பேசிக்கு வந்துவிடுகிறது, வரைபடத்தோடு, மூன்று மொழியிலும். பாதுகாப்பான இடத்தில் கட்டித் தருவதாகச் சொன்ன புது வீடு மட்டும் இன்னும் வரவில்லை. என்னோடு வந்து இரு என்றால் அம்மா கேட்பதில்லை.

போன ஐப்பசி மழையில் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டியாம்மா?"

"போயிட்டேன், போயிட்டேன். கத்தாத. மழ விட்டதும் போயிருவேன்."

"எங்க?"

"எங்கயா? வீட்டுக்குத்தான்."