பிள்ளையார் ஃபோல்டர்

உத்திரமேரூர் வட்டாரத்தில் நடக்கிற கல்யாணங்களைச் சுகிர்தா மாதிரி பார்த்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அவள் மண்டபத்துக்குள் கால் வைப்பதே கிடையாது. வீட்டுக்காரர் ஜான் கேமரா பிடிப்பார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் ஓடவிட்டு, முழுப் படமாக்கிக் கொடுக்கிற மிக்ஸிங் வேலை அவளுடையது. ஒரு கல்யாணத்தை ஐந்தாறு தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால்தான் அது முடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிக்கிறவள் அவள். ஆனால் ஐயர் எந்த மந்திரத்தை முடித்தால் கெட்டிமேளம் வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஓமப்புகையில் பெண்ணின் முகம் மறைகிற நேரம், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிகிற நேரம், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். தாலி கட்டுகிற இடத்தை வெட்டும்போது தலையில் முக்காடு போட்டுக்கொள்வாள். யார் கும்பிடுகிற சாமியாக இருந்தால் என்ன, சாமி முன்னால் நடக்கிற காரியம்தானே.

மாகறல் பக்கத்தில் கழனி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது முடித்ததும் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மிக்ஸிங் செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே தொழிலைக் கற்றுக்கொண்டாள். அதே ஸ்டூடியோவில் லைட் பிடித்துக்கொண்டிருந்தவர் ஜான். கல்யாணத்துக்கப்புறம் அந்த ஸ்டூடியோக்காரர் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து வீட்டின் முன்னறையில் வைத்தார்கள். கர்த்தர் கிருபையில் வேலைக்குக் குறைவில்லை.

இந்த ஆனி மாதத்தில் வந்ததுதான் பெரிய வேலை. சாலவாக்கம் பக்கத்துப் பயிர்க்காரர் வேதாசலத்தின் மகள் கீர்த்தியின் கல்யாணம். நிலக்காரர்கள் குடியிருக்கிற அவருடைய தெருக் கல்யாணங்களுக்கு எப்போதும் காஞ்சிபுரத்திலிருந்துதான் கேமரா வரும். இந்தத் தடவை, "ஜான் அண்ணன் எடுத்தாத்தான் நான் மணவறையில உக்காருவேன்" என்று கீர்த்தி பிடிவாதம் பிடித்துவிட்டாள். அவளுடைய சிநேகிதி கல்யாணத்துக்குச் சுகிர்தா செய்த வீடியோவை அவள் பார்த்திருந்தாள். அந்தத் தெருவுக்கு ஜானின் அப்பா அறுப்புக்குப் போயிருக்கிறார், களத்துமேட்டோடு திரும்பியிருக்கிறார், எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. ஜான் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நேர்வாசல் வழியாக உள்ளே போனார். இந்த ஒரு வேலை நல்லபடியாக முடிந்துவிட்டால் அந்தத் தெருவே இனி அவர்களைக் கூப்பிடும். கெட்டுப்போனால் அந்த வாசல் திரும்பத் திறக்காது. சுகிர்தாவுக்கு இது ராத்திரி தூக்கத்தில்கூட ஞாபகத்தில் இருந்தது.

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கீர்த்திக்குத் தாலி பிரித்துக் கோர்க்கிறார்கள். சொந்தபந்தம் எல்லாம் வரும். கூடத்துப் பெரிய டிவியில் கல்யாணத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குள் பென் டிரைவ் வந்தாக வேண்டும் என்று வேதாசலம் சொல்லியிருந்தார்.

வேலைதான் ஓடவில்லை. இரண்டு கேமரா, மேலே ட்ரோன் என்று எடுத்து வந்தது மலை மாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் படங்களுக்கென்று தனியாக இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படம் திக்கித் திக்கி வந்தது. மேளக்காரர் கை மேலே போனால் கீழே இறங்க ஒரு யுகம் ஆனது. அதனால் போன வாரம் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் தினேஷ்குமாரின் கம்ப்யூட்டர் கடையில் நின்றாள்.

"இன்னாக்கா வோணும்?"

"ஒரு டிஸ்க்கு வோணும்பா. வேகமாவும் இருக்கணும், கெட்டுப்போவாமயும் இருக்கணும்."

"மாப்பிள்ள தேடுற மாதிரி கேக்குறியேக்கா" என்று சிரித்தான் தினேஷ்குமார். சூயிங்கம் பட்டை அளவில் ஒன்றை எடுத்து வைத்தான். "வேகம்னா இதுதான். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஒரு கல்யாணத்தயே முழுங்கிடும். ஆனா உன் சிஸ்டம் பழசு, இத மாட்ட அதுல எடமே கெடையாது." அடுத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. "இது மாட்டும். உள்ள சுத்தற தட்டு இல்ல, சத்தம் இல்ல. உன்னோடத விட நல்ல வேகம். அதோ அந்தப் பெரிய டப்பா சாதா ஹார்ட் டிஸ்க்கு. எவ்ளோ போட்டாலும் கொள்ளும், ஆனா மெதுவு."

"இதுல எது கெட்டுப்போவாது?"

"கெட்டுப்போவாததுன்னு நம்ம கடையில எதுவும் இல்லக்கா. ஹார்ட் டிஸ்க்கு சாவும்போது கத்தி ஊரக் கூட்டிட்டு சாவும். எஸ்.எஸ்.டி. சொல்லாம கொள்ளாம பூடும்."

அந்தப் பேச்சு அவளை ஆட்டிவிட்டது. வேகத்தை எடுத்தால் சொல்லாமல் போய்விடும் என்கிறான். கத்துகிறதை எடுத்தால் படம் திக்கும். ஒன்றைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நின்றாள். கடைசியில், "வூட்டுல கேட்டுட்டு வரேம்பா" என்று வெறுங்கையோடு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டால், "தொழில் உன்னுது, நீயே சொல்லு" என்றார். அப்படியே நாள் ஓடியது.

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தவளின் காதில் டக், டக் என்று விழுந்தது. சுவரில் பல்லி சொல்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். பல்லி இல்லை. குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியில் காது வைத்தாள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. திரையில் கீர்த்தியின் முகம் பாதியில் உறைந்து நின்றது.

உடனே எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள். ஓட ஓடத் தேயும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். உள்ளே நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஜான்.

"ன்னாங்க, கீர்த்தி கல்யாணத்து கேமரா கார்டுங்க எங்க?"

"அதத்தான் உள்ள ஏத்திட்டியே. அழிச்சிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போட்டேன். அப்பால கூழ் ஊத்துற திருவிழாக்கும் அதுலதான் எடுத்தேன். ஏன்?"

முகூர்த்த நாட்களில் கார்டைச் சும்மா வைத்திருக்க முடியாது. இங்கே எல்லோரும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கார்டு காலி. ஆக, அந்தக் கல்யாணம் இப்போது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடம் கத்திக்கொண்டிருந்தது.

விஷயம் புரிந்ததும் ஜான் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தார். "எத வாங்கிக்கினு வர்றது?"

"எஸ்.எஸ்.டி."

அவர் பழையசீவரம் தாண்டியிருப்பார், போன் போட்டாள். "வோணாங்க, சாதா ஹார்ட் டிஸ்க்கே வாங்குங்க. கத்தறதாச்சும் காதுல வுழும்." வைத்த கையோடு மனசு கேட்கவில்லை. வேலை ஓடாதே, திங்கட்கிழமைக்குள் முடியாதே. மறுபடியும் போட்டாள். "எஸ்.எஸ்.டி.யே வாங்குங்க."

"வண்டி ஓட்டிக்கினு கீறேன்மா. ஒரு முடிவுக்கு வா, பேஜார் பண்ணாத" என்று கத்திவிட்டு வைத்தார்.

அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் சுகிர்தா உட்கார்ந்தாள், எழுந்தாள். துடைத்த மேசையையே துடைத்தாள். அரிசி களைந்து வைத்தாள், அடுப்பைப் பற்றவைக்க மறந்தாள். ஜெபம் செய்ய முட்டி போட்டால், வார்த்தை வருவதற்கு முன்னால் டக் டக் என்றுதான் காதில் கேட்டது. நடுவில் வேதாசலத்திடமிருந்து போன்.

"இன்னாம்மா, வேலை ஆவுதா?"

"நடந்துகினு கீது ஐயா."

"என் தம்பிங்க எல்லாம் வர்றானுங்க. ட்ரோன்ல நம்ம வூடு, கழனி, ஏரிக்கரை எல்லாம் எடுத்தாரே உன் வூட்டுக்காரரு, அத நல்லா நீட்டாப் போடு."

"சரிங்க ஐயா."

நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன வாயை அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பொய் பேசிப் பழக்கமில்லாதவள். நாக்கு கசந்தது.

ஜான் திரும்பி வந்து பையைப் பிரித்தபோது உள்ளே இரண்டும் இருந்தன. "நீ ஒண்ணு சொல்ற, அந்தக் கடக்காரப் புள்ள ஒண்ணு சொல்றான். எனக்கு ஒண்ணும் வௌங்கல. ரெண்டத்தயும் வாங்கிட்டேன்" என்றார். சுகிர்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எஸ்.எஸ்.டி.யை மாட்டினார்கள். கம்ப்யூட்டர் எழுந்தது. பழைய டிஸ்க்கும் முனகிக்கொண்டே கண் விழித்தது. ஜான் கல்யாணத்தை அப்படியே மொத்தமாகப் பிடித்து இழுத்து எஸ்.எஸ்.டி.யில் போட்டார். பச்சைக் கோடு நகர்ந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. புதிது எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாலும், பழையது கொடுக்கிற வேகத்துக்குத்தானே வாங்க முடியும். டக் டக் என்பது விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கோடு நின்று, பிறகு மனசு வந்த மாதிரி நகர்ந்தது.

இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். அப்போதுதான் எந்தப் படம் போய்க்கொண்டிருக்கிறது என்று சுகிர்தா கவனித்தாள். ட்ரோன்.

அவர்கள் வேலை செய்கிற முறை அது. இந்துக் கல்யாணம் என்றால் வீடியோ பிள்ளையாரில்தான் தொடங்க வேண்டும். அதனால் முதல் ஃபோல்டருக்குப் பெயரே பிள்ளையார். மஞ்சள் பிள்ளையார், வாழைமரம், மண்டப அலங்காரம், மேலே பறந்து எடுத்த ட்ரோன் எல்லாம் அதில் போகும்; பிள்ளையார் எடுத்த படம் அந்த ஃபோல்டரில் கடைசியாகக் கிடந்தது. இரண்டாவது, பாலாற்றங்கரையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நடக்கவிட்டு எடுத்த பாட்டு. மூன்றாவது, முதல்நாள் சாயங்காலத்து ரிசப்ஷன். முகூர்த்தம் நான்காவது, கடைசி. கம்ப்யூட்டர் வரிசைப்படிதான் எடுக்கும். டிஸ்க் தன் கடைசி மூச்சை வாழைமரத்துக்கும் ஏரிக்கரைக்கும் செலவழித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க."

"இன்னாது?"

"நிறுத்துங்கன்றேன். முகூர்த்தத்த மொதல்ல எடுக்கணும்."

ஜான் மௌஸ் மேல் கையை வைத்துக்கொண்டே தயங்கினார். "அது பிள்ளையாரு ஃபோல்டரும்மா. அவங்க வூட்டு சாமி காரியம். ஆரம்பிச்சத பாதியில அறுக்கிறதா? அதுவுமில்லாம அவரு கேட்டது ட்ரோனுதான். அத வுட்டா நம்மள வுடுவாரா?"

சுகிர்தா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் மஞ்சள் பிள்ளையார் ஒரு பொட்டு அளவுக்குத் தெரிந்தார். அதைப் பார்த்தே சொன்னாள்: "பிள்ளையாரே, கோச்சிக்காத. நீ எல்லா ஊர்லயும் கீற, அரசமரத்துக்கு அரசமரம் கீற. அந்தப் பொண்ணு தாலி இந்த டப்பால மட்டும்தான் கீது."

ஜானின் கையைத் தள்ளிவிட்டு அவளே நிறுத்தினாள். முகூர்த்தத்தை எடுத்துப் போட்டாள். "இயேசப்பா, இயேசப்பா" என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது. கோடு நகர்ந்தது, நின்றது. ஜான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். வெளியே தக்காளி விற்கிற வண்டிக்காரர் மைக்கில் கூவிக்கொண்டே போனார். அந்தச் சத்தத்தில் டிஸ்க்கின் சத்தம் கேட்காமல் போனது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தாரை வார்த்தது வந்துவிட்டது. தாலி வந்துவிட்டது. மெட்டி போட்டது, அருந்ததி பார்த்தது, எல்லாம் வந்து சேர்ந்தது. உடனே ரிசப்ஷனைப் போட்டாள். அதில் பாதி வந்திருக்கும். டக் டக் என்றது டர்ர் என்று ஒரு நீளச் சத்தமாக மாறி, அடங்கியது. அதற்குப் பிறகு அந்த டிஸ்க் இருப்பதையே கம்ப்யூட்டர் காட்டவில்லை. அணைத்துப் போட்டும் பார்த்தார்கள். போனது போனதுதான்.

ஆற்றங்கரைப் பாட்டு இல்லை. ரிசப்ஷனில் பாதி இல்லை. பிள்ளையார் இல்லை. வாழைமரமும் ஏரிக்கரையில் கொஞ்சமும் வந்ததோடு சரி, மற்ற ட்ரோன் படம் எதுவும் இல்லை. வேதாசலம் நீட்டாகப் போடச் சொன்ன வீடும் கழனியும் போய்விட்டன.

"பிள்ளையாரு வேற கல்யாணத்துல எடுத்தத சேத்துக்கலாம்" என்றார் ஜான் மெதுவாக. "ட்ரோனுக்கு, அந்தப் பக்கம் ஏரி எடுத்தது வேற கீது. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் சுகிர்தா. போனை எடுத்து வேதாசலத்துக்குப் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். காலையில் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"ட்ரோனு போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு ஐயா."

"தம்பிங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிக்கிறேனேம்மா. இன்னாம்மா நீ. நம்பிக் குடுத்ததுக்கு இதானா?" குரல் ஏறியது. பின்னாலிருந்து, "நைனா, இங்க குடு" என்று கீர்த்தியின் குரல் கேட்டது. போன் கை மாறியது.

"அக்கா, தாலி கட்டனது கீதா?"

"முழுசா கீதும்மா. ஒரு சொட்டுகூடப் போவல."

"நைனா தண்ணி வார்த்துக் குடுக்கறப்ப தேம்பித் தேம்பி அழுதாரே, அது?"

"அதுவும் கீது."

கீர்த்தி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதை அவரிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் என்னமோ பேசிக்கொண்டார்கள். திரும்ப வேதாசலமே வந்தார். "நான் அழுதத எடுத்துடும்மா. தம்பிங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்றார். கோபமா, வெட்கமா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அத வெட்ட எனக்கு மனசு வராது ஐயா."

"ம். திங்கக்கெயம காலயில ரெண்டு பேரும் வூட்டாண்ட வாங்க. ட்ரோனப் பத்தி நேருல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு?" என்றார் ஜான்.

"நேருல வரச் சொல்றாரு."

"கோவமாவா?"

"தெரியல."

மறுபடி எடுக்கக் கூப்பிடுகிறாரா, இனி இந்தப் பக்கமே வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூப்பிடுகிறாரா, திங்கட்கிழமைதான் தெரியும். சுகிர்தா இரண்டாவது டப்பாவைப் பிரித்து, அந்த மெதுவான ஹார்ட் டிஸ்க்கை மாட்டினாள். எஸ்.எஸ்.டி.யிலிருந்து முகூர்த்தத்தை எடுத்து அதிலும் போட்டாள். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஒரு இடத்தையும் வெட்டக்கூடாது என்று உட்கார்ந்திருந்தாள். உள்ளே களைந்து வைத்த அரிசி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. ஜான் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.